நர்சுகளோடு பங்கிட்ட பங்களா

போன வாரம் நம் பிள்ளைகள் சேர்ந்துகொண்டு போனில் ஒரு பங்களாவைக் காட்டினார்கள். ஆனைமலை அடிவாரம், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், ஏழு அறை, நீச்சல் குளம். பொங்கலுக்கு நம் எல்லோரையும் கூட்டிப்போய் மூன்று நாள் வைத்திருக்கப் போகிறார்களாம். "பெரியவங்களுக்கெல்லாம் கீழ் ரூமு" என்றாள் என் மகள். பெரியவர்கள் என்றால் நாம்தான். அறுபதைத் தாண்டியாயிற்று, கோபித்துக்கொள்ள வழியில்லை.

படங்களைப் பார்த்ததும் நாம் எல்லோரும் பழைய பங்களாவைப் பற்றி ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம், கவனித்தீர்களா? மாமா மகளே, நீ சிங்கக்கால் தொட்டியைச் சொன்னாய். பெரியம்மா மகன் தேனீயைத் தவிர வேறெதுவும் ஞாபகமில்லை என்றான். எனக்கு எல்லாம் ஞாபகமிருக்கிறது. உங்கள் யாருக்கும் தெரியாத ஒன்றும் தெரியும். மாமா போய்ப் பல வருஷமாகிறது. அம்மாவும் போன ஐப்பசியில் போய்விட்டாள். இனிச் சொன்னால் யாருக்கும் சங்கடமில்லை என்று தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அத்தையோடு கொடுமுடிப் பக்கம் மஞ்சளும் கரும்பும் வைத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் போத்தனூரில் ரயில்வே வேலை. பெரியம்மா வீடு கோயமுத்தூர் டவுனுக்குள். தீபாவளியை விட்டால் மூன்று குடும்பமும் ஒன்றுசேர்வது கல்யாணத்துக்கும் இழவுக்கும்தான். பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போன இடத்தில் மாமாவுக்கு ஒரு தென்னந்தோப்புக்காரர் பழக்கமானார். மலையடிவாரத்தில் தங்கள் பங்களா ஒன்று சும்மா கிடக்கிறது, கோடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இருங்கள், வாடகை பேசிக்கொள்ளலாம் என்றாராம். மாமாவுக்கு அது பிடித்துப்போயிற்று.

"சொந்தமா ஊடு இருக்கறப்ப வாடகை ஊட்ல போயி எதுக்குங்கண்ணா படுக்கறது?" என்று பெரியம்மா கேட்டாள்.

"வந்து பாரு அம்மணி. அப்பறஞ் சொல்லு" என்றார் மாமா.

மே மாதம் ஒரு வேனில் கிளம்பினோம். அரிசி மூட்டை, எண்ணெய் டின், ஊறுகாய் ஜாடி, பாய், தலையணை எல்லாம் ஏறின. அம்மா அம்மிக்கல்லையும் ஏற்றச் சொன்னாள். வெள்ளைக்காரன் பங்களாவில் அம்மி இருக்குமா என்ன என்பது அவள் கவலை. அப்பா அதைப் பேசாமல் தூக்கிக் கொண்டுவந்து வைத்தார். அது என் காலடியில் இருந்தது. பொள்ளாச்சி தாண்டி ரோடு திரும்புகிற இடத்திலெல்லாம் என் சுண்டுவிரலை நசுக்கிக்கொண்டே வந்தது.

வேன் தோப்புக்குள் நுழைந்து நின்றதும் பெரியம்மா வாடகைப் பேச்சை மறந்து அண்ணாந்து பார்த்தாள். அந்த வீட்டை நான் எப்படிச் சொல்ல? நம் ஊர்ப்பக்கத்தில் பெரிய வீடுகள் இல்லாமலில்லை. ஆனால் அவையெல்லாம் ஆட்களும் மூட்டைகளும் நிறைந்த வீடுகள். இது வெறுமனே நின்றே பெரிதாக இருந்தது. முன்னால் கார் வந்து நிற்க வளைவு வைத்த போர்டிகோ. உள்ளே சிவப்புத் தரை, முகம் தெரியும். கூரை அத்தனை உயரம், பேசினால் குரல் மேலே போய்த் திரும்பி வந்தது. மேல் ஜன்னல்களில் பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணாடி. காலையில் பத்து மணிக்கு அந்த வெளிச்சம் தரையில் விழும், நாம் அதில் கால் வைத்து "எங்கால் பச்சை, உங்கால் மஞ்சள்" என்று விளையாடினோமே. குளிக்கிற அறையில் சிங்கத்தின் பாதம் வைத்த பீங்கான் தொட்டி. நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து குளித்தோம். சமையலறைச் சுவரில் வரிசையாக ஆறு வெண்கல மணி. எந்த அறையில் கயிற்றை இழுத்தாலும் அந்த அறைக்குரிய மணி அங்கே அடிக்கும். துரை காப்பி கேட்க வைத்ததாம். ஒருநாள் முழுக்க நாம் இழுத்ததில் அத்தை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பங்களாவைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வயசான வாட்ச்மேன். போர்டிகோ வளைவுக்கு அடியில் மூன்று பெரிய தேன்கூடுகள் தொங்கின. ஒவ்வொன்றும் முறம் அகலம். கறுப்பாக, லேசாக அசைந்துகொண்டே இருந்தன. வந்த அன்றே வாட்ச்மேன் சொன்னார்:

"அது மலைத்தேனீங்க. நான் வந்த நாளா இருக்குது. நாம அது பக்கம் போகாட்டி, அது நம்ம பக்கம் வராதுங்க. புள்ளைகள மட்டும் பாத்துக்குங்க."

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. ஐந்து பெண்கள் இறங்கினார்கள். ஆளுக்கொரு தோல் பெட்டி, ஒரு ஸ்டவ், வீசிப் பிடித்து விளையாடுகிற ரிங்பால் வளையம். கூட ஆம்பிளை யாருமில்லை. மூத்தவளுக்கு நாற்பத்தைந்து இருக்கும், கண்ணாடி போட்டிருந்தாள். கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி நர்சுகள் என்றும், பத்து நாளுக்கு இந்தப் பங்களாவை எடுத்திருக்கிறோம் என்றும் சொல்லி ஒரு கடிதத்தை நீட்டினாள். தோப்புக்காரரின் தம்பி கையெழுத்து. நம் மாமாவிடம் இருந்தது அண்ணன் கையெழுத்து. அண்ணன் தம்பி இருவரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விட்டிருக்கிறார்கள்.

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க, இது குடும்பம் தங்கற எடமுங்க. வயசுப் புள்ளைக இருக்குது. நீங்க வேற பக்கம் பாத்துக்குங்க."

"நாங்களும் குடும்பத்துல பொறந்தவங்கதானுங்க" என்றாள் அந்தப் பெரிய நர்ஸம்மா. குரலை உயர்த்தவேயில்லை. "அஞ்சு பேருக்கும் ஒண்ணா லீவு கெடச்சது இதுதான் மொத தடவை. இனி எப்பக் கெடைக்குமோ தெரியாதுங்க. கார் வேற போயிருச்சு."

மாமா வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் மலையைப் பார்த்தார். அப்போதுதான் அம்மா, மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மெதுவாகச் சொன்னாள்:

"ஊடு பெருசுதானுங்கண்ணா. மேக்கால பாதி சும்மாதான கெடக்குது."

அம்மா பொதுவாக அண்ணனை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. மாமா திரும்பி அவளைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகமிருக்கிறது. ஆனால் மறுத்தும் சொல்லவில்லை. நடு ஹால் எல்லை என்று ஆயிற்று. கிழக்குப் பாதி நமக்கு, மேற்குப் பாதி அவர்களுக்கு. பிள்ளைகள் ஹாலைத் தாண்டிப் போகக் கூடாது.

அன்று சாயங்காலம் பெரியம்மாவும் அத்தையும் கீரை ஆய்ந்துகொண்டே பேசியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஆம்பிளைகளைத் தொட்டுத் தூக்குகிற வேலை, கல்யாணம் எங்கே ஆகும், ஆனாலும் எப்படி நிலைக்கும் என்றெல்லாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தெரிந்தது அவ்வளவுதான். அம்மா அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டு மேற்குப் பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாம் எங்கே எல்லையை மதித்தோம்? மறுநாளே ரிங்பால் விளையாடப் போய்விட்டோம். அந்த ஐந்து பேரையும் போல அன்றைக்கு வரை நான் பெண்களைப் பார்த்ததில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்தரையில் ஓடினார்கள். தோற்றவள் காப்பி போட வேண்டும். வாய்க்காலில் இறங்கி நீந்தினார்கள். மத்தியானம் ஆளுக்கொரு புத்தகத்தோடு படுத்துத் தூங்கிப்போனார்கள், யாரும் எழுப்பவில்லை. வீட்டுப் பெண்கள் பகலில் அப்படிக் கவலையில்லாமல் தூங்கி நான் கண்டதேயில்லை. அவர்களில் இளையவள் வாட்ச்மேனின் சைக்கிளை வாங்கித் தோப்பைச் சுற்றிவந்தாள். அம்மா கிணற்றடியில் துணியை நனைத்து வைத்துவிட்டு, அந்தச் சைக்கிள் மரங்களுக்குள் மறைந்து வெளிப்பட்டு மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலாம் நாள் மாமா தேன் எடுக்கத் தீர்மானித்தார்.

பிள்ளைகளுக்கு ஆபத்து என்பது அவர் சொன்ன காரணம். அந்த வீட்டில் தன் பேச்சு நடக்கிறது என்று காட்ட வேண்டியிருந்ததும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். வாட்ச்மேன் கெஞ்சினார். மலைக்காரர்கள் வந்துதான் எடுப்பார்கள், அதுவும் இருட்டில்தான், வெயிலில் கூட்டைத் தொடக் கூடாது என்றார். பெரிய நர்ஸம்மாவும் ஹால் வரை வந்து, "வேண்டாமுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவள் சொன்னதாலேயே மாமா மூங்கிலைக் கையில் எடுத்தார் என்று தோன்றுகிறது. நுனியில் தென்னை மட்டையைக் கட்டிப் பற்றவைத்து, பதினோரு மணி வெயிலில் வளைவுக்குக் கீழே போய் நின்றார். அப்பா சற்றுத் தள்ளி நின்றார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. புகை மேலே போயிற்று. பிறகு கூட்டின் மேல்தோல் உரிந்து விழுவது போல இருந்தது. ஒரு சத்தம், மில் ஓடுகிற மாதிரி. அடுத்த கணம் மாமாவின் தலை தெரியவில்லை. கறுப்பாக ஏதோ மூடியிருந்தது. அப்பா கத்திக்கொண்டே உள்ளே ஓடிவந்தார். நர்சுகள் நம்மையெல்லாம் கையில் கிடைத்தபடி இழுத்து உள்ளே தள்ளி, கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு போனார்கள். மாமா போர்டிகோவிலேயே சுற்றிச் சுற்றி வந்து விழுந்தார்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனது அம்மா. தரையில் விரித்திருந்த ஜமக்காளத்தை உருவித் தலைமேல் போட்டுக்கொண்டு போனாள். யாரும் சொல்லவில்லை. யாரையும் கேட்கவுமில்லை. அவளுக்குப் பின்னாலேயே பெரிய நர்ஸம்மா ஒரு கம்பளியோடு ஓடினாள். இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மாமாவைத் தரையோடு இழுத்து உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்தினார்கள்.

மாமாவின் முகம் முகமாக இல்லை. கண் மூடிவிட்டது. உதடு தடித்துத் தொங்கியது. மூச்சு விடும்போது கீச்சென்று ஒரு ஒலி வந்தது. அத்தை அழவும் தெரியாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பெரிய நர்ஸம்மா மாமாவைச் சாய்த்து உட்காரவைத்தாள், சட்டையைக் கிழித்தாள். இளையவளைப் பார்த்து, "எஸ்டேட் டிஸ்பென்சரி ரெண்டு மைலுதான். ஓடு" என்றாள். ஓர் ஊசிமருந்தின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண் போர்வையைப் போர்த்திக்கொண்டு பின்கட்டு வழியாகப் போய்ச் சைக்கிளை எடுத்ததை நான் சமையலறை ஜன்னலில் பார்த்தேன். மலை ஏறுகிற ரோடு அது. நின்றுகொண்டே மிதித்தாள்.

பெரிய நர்ஸம்மா பக்கத்தில் கிடந்த சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள்.

"கொடுக்கு எல்லாம் உள்ள நிக்குது. நகத்துல புடுங்காதீங்க, வெசம் எறங்கும். சீட்டோட ஓரத்துல இப்பிடிச் சொரண்டி எடுங்க. சீக்கிரம்."

அம்மா ஆரம்பித்தாள். நெற்றி, இமை, காதுக்குள், கழுத்து. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொடுக்குகள் சின்ன முடி போலத் தட்டில் விழுந்தன. அம்மாவின் கையிலும் கழுத்திலும் ஏழெட்டு இடம் வீங்கியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நர்ஸம்மா நாடியைப் பிடித்துக்கொண்டு, "கால உசத்துங்க", "தண்ணி குடுக்காதீங்க" என்று சொல்லச் சொல்ல, சொல்லி முடிப்பதற்குள் அம்மா செய்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் பல வருஷம் ஒரே வார்டில் வேலை பார்த்தவர்கள் மாதிரி இருந்தது.

மூச்சு மிகவும் மோசமான நேரத்தில் சைக்கிள் வந்து விழுந்த சத்தம் கேட்டது. இளையவள் மூச்சிரைக்க மடியிலிருந்து ஊசியையும் மருந்தையும் எடுத்துக் கொடுத்தாள். நர்ஸம்மா போட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கீச்சொலி குறைந்தது. பிறகு நின்றது. மாமா நீளமாக ஒரு மூச்சு விட்டார். நம் எல்லோருக்கும் அது கேட்டது.

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அம்மாவைக் கேட்டாள்:

"நீங்க எந்த ஆஸ்பத்திரில இருக்கறீங்க?"

"நானுங்களா? ஊட்லதானுங்க."

"நெசமாவா? கை கொஞ்சங்கூட நடுங்கலீங்களே."

அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எஸ்ஸெல்சி முடிச்சதும் நர்ஸ் ட்ரெய்னிங்குக்கு எழுதிப் போட்டனுங்க. இன்டர்வியூக்குங்கூடப் போயிட்டு வந்தேன். கெடைக்கலீங்க."

எனக்கு அது புதுச் செய்தி. அப்பாவுக்கும் புதுச் செய்திதான் என்று அவர் முகத்தில் தெரிந்தது. கண் மூடிக் கிடந்த மாமாவின் தலை மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. வலி என்று நினைத்தேன்.

சாயங்காலம் டிஸ்பென்சரி டாக்டர் ஜீப்பில் வந்து பார்த்தார். இத்தனை நர்சுகள் இருக்கிற இடத்திலிருந்து இவரை எதற்கு அசைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு வீட்டில் பாதி என்பதே இல்லாமல் போயிற்று. பெரியம்மா அவர்களுக்கும் சேர்த்து உலை வைத்தாள். சைக்கிள் ஓட்டிய பெண்ணுக்கு அத்தை தன் கையால் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வார்த்தாள். கல்யாணப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

இனி நான் சொல்லவந்தது. இரண்டு நாள் கழித்துக் காலை, நீங்கள் எல்லோரும் அப்பாவோடு வாய்க்காலுக்குப் போயிருந்தீர்கள். எனக்குக் காலில் முள் ஏறியிருந்ததால் வரவில்லை. கிழக்கு அறையில் மாமா கட்டிலில் படுத்திருந்தார். அம்மா அவர் கண்ணுக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலுக்கு அந்தப்புறம் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். பெரிய நர்ஸம்மா வந்து நாடி பார்த்தாள். மாமா கேட்டார்:

"ஏனுங்க, இந்த வயசுல ட்ரெய்னிங்குக்குச் சேத்துக்குவாங்களா?"

"யாரையுங்க?"

"எந்தங்கச்சிய."

நர்ஸம்மா அம்மாவைப் பார்த்தாள். "வயசு தாண்டிருச்சுங்களே" என்றாள். சொல்லக் கஷ்டப்பட்டுத்தான் சொன்னாள். பிறகு போய்விட்டாள்.

மாமா கண்மேல் இருந்த துணியை விலக்கினார். ஒரு கண்தான் அப்போது திறந்திருந்தது.

"அம்மணி. கடுதாசி வந்துச்சு."

"என்ன கடுதாசிங்கண்ணா?"

"ட்ரெய்னிங் கடுதாசி. உன்னைய எடுத்திருக்கறம், வந்து சேருன்னு. போஸ்ட்மேன் எங்கையிலதான் குடுத்தான். அப்பனுக்குங்கூடச் சொல்லல. ஊர்ல நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு கிழிச்சு வாய்க்கால்ல போட்டுட்டேன்."

அம்மா கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பென்சிலை அசைக்கவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அல்லது துணியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போவாள் என்று. அவள் குனிந்து, காது சரியாகக் கேட்காதவளைப் போல அவர் முகத்துக்குப் பக்கத்தில் போய்க் கேட்டாள்:

"அப்ப எனக்குக் கெடைச்சிருந்துதுங்களா?"

"கெடைச்சிருந்துச்சு."

"நெசமாலுமா? எம்பேர்லயே வந்துச்சுங்களா?"

"உம்பேர்லதான்."

அம்மா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அன்று நான் பார்த்ததை என்னவென்று சொல்ல எனக்கு நாற்பது வருஷமானது. தான் லாயக்கில்லை என்று பதினாறு வருஷமாக அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோபத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது சந்தோஷம்.

கோபமும் வந்தது. துணியை நனைத்துப் பிழிந்து அவர் கண்மேல் சரியாக வைத்துவிட்டு எழுந்து போனாள். மீதி நாட்கள் அவருக்கு வேண்டியது எல்லாம் செய்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருஷத் தீபாவளிக்கு நாங்கள் கொடுமுடிக்கு வரவில்லையே, ஏன் என்று நீங்கள் கேட்டு ஏதோ காரணம் சொன்னார்களே, இதுதான். பொங்கலுக்கு மாமா தனியாக, பஸ் பிடித்து, மஞ்சள் கொத்தும் கரும்புக்கட்டும் தோளில் சுமந்துகொண்டு போத்தனூர் வந்தார். வாசலில் நின்றார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க, வெயில்ல நின்னா மறுபடி மூஞ்சி வீங்கிக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

மாமா மகளே, உன்னை நர்சிங் படிக்க வைக்க மாமா ஊரையே எதிர்த்துக்கொண்டு நின்றார் என்று நீ பெருமையாகச் சொல்வாய். அது முழுக்க உண்மை. அதை நான் குறைக்கவில்லை.

அம்மா அதற்குப் பிறகு ஒரு வேலைக்கும் போகவில்லை. ரயில்வே காலனியில் யாருக்குத் தீப்பட்டாலும் யார் கீழே விழுந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். கடைசி வருஷம் அவளுக்கு ஊசி போட வீட்டுக்கு ஒரு பெண் வருவாள், இருபத்திரண்டு வயதிருக்கும். வந்த முதல் நாளே அம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"எனக்குங்கூட நர்ஸ் ட்ரெய்னிங் கெடைச்சுது கண்ணு. லெட்டரே வந்துச்சு."

"அப்பிடியா பாட்டி? போனீங்களா?"

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல கண்ணு. நான் போகல" என்றாள். அண்ணன் விடவில்லை என்று அவள் யாரிடமும், ஒரு தடவைகூட, சொன்னதில்லை.